பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் ஏற்றினேன், வைஃபை வரவில்லை – வேலூர் பக்கத்து நண்பர்கள் உதவுங்கள்

#1 | குடியாத்தம் நெசவு

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். லுங்கித் தறி கணக்கு வழக்குக்காக வாங்கிய லேப்டாப் ஒன்று வீட்டில் இருக்கிறது. விண்டோஸ் 8 வந்த காலத்து மெஷின், 4 ஜிபி ராம். பிறகு விண்டோஸ் 10-க்கு மாற்றினோம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இந்தப் பிராசசர் தகுதி இல்லை.

என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள், கணினி அறிவியல் பிரிவு. பைத்தான் பயிற்சிக்கு அவளுக்கு ஒரு கணினி வேண்டும். புது லேப்டாப் வாங்கும் நிலையில் இப்போது நாங்கள் இல்லை. அதனால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22-இன் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை பென் டிரைவில் எழுதி ஏற்றினேன். விண்டோஸை முழுக்க எடுத்துவிட்டேன். மெஷின் முன்பைவிட நன்றாக ஓடுகிறது. ஆனால் வைஃபை மட்டும் இல்லை. கீழே வலது மூலையில் இருக்கும் நெட்வொர்க் குறியைத் தட்டினால் வைஃபை என்ற வார்த்தையே வரவில்லை. விண்டோஸில் நேற்று வரை வேலை செய்த அதே வைஃபைதான்.

சர்வீஸ் கடை ஒன்றில் கேட்டேன். “லினக்ஸில் வைஃபை எல்லாம் வராது, மறுபடி விண்டோஸ் போட்டுத் தருகிறேன்” என்றார்கள். அவள் படிப்புக்கு நெட் அவசியம். யாராவது வழி சொல்லுங்கள்.

#2 | காட்பாடி ஜங்ஷன்

ஐயா வணக்கம். மறுபடி விண்டோஸ் போட வேண்டாம், லேப்டாப்பை மாற்றவும் வேண்டாம். இது தீர்க்கக்கூடிய விஷயம்.

முதலில் உங்கள் லேப்டாப்பில் இருக்கும் வைஃபை சிப் எது என்று தெரிய வேண்டும். அது தெரியாமல் யார் எந்தக் கட்டளை கொடுத்தாலும் தட்டாதீர்கள், நான் கொடுத்தாலும் கூட. ஒரே கம்பெனி, ஒரே மாடல் பெயர், ஆனால் திறந்து பார்த்தால் ஒன்றில் இன்டெல் சிப், இன்னொன்றில் ரியல்டெக் சிப் என்று இருக்கும். அதனால் “என் நண்பனுக்கும் இதே மாடல், அவன் இப்படிச் செய்தான்” என்ற யோசனை இந்த விஷயத்தில் உதவாது.

மின்ட்டில் இதற்கு டெர்மினல் (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) கூடத் தேவையில்லை. மெனுவில் ‘சிஸ்டம் ரிப்போர்ட்ஸ்’ என்று இருக்கும். அதைத் திறந்து ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ பகுதிக்குப் போங்கள். அதில் ‘நெட்வொர்க்’ என்ற தலைப்பின் கீழ் இருப்பதை அப்படியே இங்கே போடுங்கள். சிப்பின் பெயர், அதை இயக்கும் டிரைவரின் பெயர், பக்கத்தில் நான்கு நான்கு இலக்கமாக, நடுவில் இரட்டைப் புள்ளியோடு ஓர் அடையாள எண். அந்த எண்தான் எனக்கு முக்கியம்.

டெர்மினல் பழகியவர்கள் ‘எல்எஸ்பிசிஐ -என்என்கே’ தட்டினால் அதே விவரம் வரும். யுஎஸ்பியில் செருகும் வைஃபை குச்சி என்றால் ‘எல்எஸ்யுஎஸ்பி’.

அடுத்து, தற்காலிகமாக நெட் வேண்டுமே. உங்கள் ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணையுங்கள். போனில் செட்டிங்ஸ், ஹாட்ஸ்பாட், அதில் ‘யுஎஸ்பி டெதரிங்’. அதை ஆன் செய்தால் லினக்ஸ் அதை ஒயர் கனெக்‌ஷன் என்று எடுத்துக்கொண்டு தானே இணைந்துவிடும், டிரைவர் எதுவும் வேண்டாம். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் பெரும்பாலான போன்களில் அந்த நெட்டே லேப்டாப்புக்கும் போகும், டேட்டா கரையாது. ஒரு எச்சரிக்கை: சில மலிவான கேபிள்களில் சார்ஜ் மட்டும்தான் ஏறும், டேட்டா போகாது. டெதரிங் பொத்தான் மங்கலாகவே இருந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

#3 | சத்துவாச்சாரி

காட்பாடி சொன்னதோடு இதையும் பார்த்துவிடுங்கள் சார். டெர்மினலில் ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’ (எழுத்துகளை ஆங்கிலத்தில் தட்டவும்). ‘சாஃப்ட் பிளாக்ட்’ என்பதற்கு ‘எஸ்’ என்று வந்தால் மென்பொருள் அணைத்து வைத்திருக்கிறது, ‘ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல்’ என்றால் திறந்துவிடும். ‘ஹார்ட் பிளாக்ட்’ என்பதற்கு ‘எஸ்’ என்றால் விசைப்பலகையில் விமானப் படம் போட்ட பொத்தான் அல்லது பக்கவாட்டில் இருக்கும் சின்ன சுவிட்ச். அந்தக் காலத்து லேப்டாப்களில் அப்படி ஒரு சுவிட்ச் முன்பக்க விளிம்பில் ஒளிந்திருக்கும்.

பட்டியலில் வைஃபையே இல்லை, ப்ளூடூத் மட்டும் இருக்கிறது என்றால் டிரைவர் ஏறவில்லை என்று அர்த்தம். உங்கள் வர்ணனையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

#4 | குடியாத்தம் நெசவு

போன் வழியாக நெட் வந்துவிட்டது! இதை லேப்டாப்பிலிருந்தே எழுதுகிறேன். ரொம்ப நன்றி தம்பி.

ஆர்எஃப்கில் பட்டியலில் ப்ளூடூத் மட்டும்தான் இருக்கிறது. சிஸ்டம் ரிப்போர்ட்ஸில் இப்படி: பிராட்காம் பிசிஎம்43142, 802.11பி/ஜி/என். டிரைவர் என்ற இடத்தில் ‘பிசிஎம்ஏ-பிசிஐ-பிரிட்ஜ்’. எண் 14இ4:4365.

#5 | காட்பாடி ஜங்ஷன்

விஷயம் தெளிவாகிவிட்டது ஐயா.

லினக்ஸில் வைஃபை வேலை செய்ய இரண்டு பொருள் வேண்டும். ஒன்று டிரைவர், இது கெர்னலோடு, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியோடு, சேர்ந்தது. இன்னொன்று ஃபர்ம்வேர், இது சிப்புக்குள் ஏற்றப்படும் சின்ன நிரல். தறி இருந்தும் பாவு ஏற்றாவிட்டால் நெய்ய முடியாது அல்லவா, அப்படித்தான் ஃபர்ம்வேர் இல்லாத டிரைவர். இன்டெல், குவால்காம் ஏத்தெரோஸ், மீடியாடெக், இப்போது பெரும்பாலான ரியல்டெக் சிப்களுக்கு டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ஃபர்ம்வேரும் மின்ட், உபுண்டு (இன்னொரு லினக்ஸ்) இரண்டிலும் முன்பே சேர்த்து வருகிறது. அதனால் அந்தச் சிப் உள்ளவர்களுக்குப் பென் டிரைவில் பூட் செய்த உடனேயே வைஃபை தெரியும்.

உங்கள் பிசிஎம்43142-க்கு டிரைவர் கெர்னலில் இல்லை. பிராட்காம் கம்பெனி தனியாக வெளியிட்ட ‘எஸ்டிஏ’ டிரைவர்தான் வேண்டும். டெர்மினலில் அதன் பெயர் ‘டபிள்யூஎல்’. அதன் உரிமம் கெர்னலோடு சேர்க்க இடம் தராது, அதனால் தனிப் பொதியாக வருகிறது. ‘பிசிஎம்ஏ’ என்று இப்போது தெரிவது சிப் அங்கே இருக்கிறது என்று அடையாளம் காட்டும் பாலம் மட்டும்.

செய்ய வேண்டியது: மெனுவில் ‘டிரைவர் மேனேஜர்’ திறங்கள். கடவுச்சொல் கேட்கும். கொஞ்ச நேரம் தேடிவிட்டு பிராட்காம் பெயரைக் காட்டும், பக்கத்தில் ‘ரெகமண்டட்’ என்று போட்டிருக்கும் டிரைவரைத் தேர்ந்தெடுத்து ‘அப்ளை’. இறக்கி, உங்கள் கெர்னலுக்கு ஏற்றபடி தானே கம்பைல் செய்து (மூல நிரலை ஓடும் வடிவுக்கு மாற்றி) போட்டுவிடும். பழைய பிராசசர், அதனால் கொஞ்சம் பொறுமை. நடுவில் மின்சாரம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் நம் பக்கம் கரண்ட் போய்ப் போய் வரும், அந்த லேப்டாப்பின் பேட்டரியை நம்ப முடியாது.

நெட்டே இல்லாதவர்களுக்கு ஒரு தகவல். மின்ட் ஏற்றிய அதே பென் டிரைவைச் செருகி வைத்துக்கொண்டு டிரைவர் மேனேஜரைத் திறந்தால், அதிலிருந்தே இந்த டிரைவரை எடுத்துக்கொள்ளும்.

#6 | ஆற்காடு2000

பி43 ஃபர்ம்வேர் இன்ஸ்டாலர் போடுங்க. பிராட்காம்னா அதான். ஒரே கட்டளை.

#7 | வாலாஜா

ஆற்காடு தம்பி, அது இந்தச் சிப்புக்குப் பொருந்தாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இணையத்தில் தேடினால் முதலில் வருவது இந்த யோசனைதான், பலர் அதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

நான் லினக்ஸ் பழகிய காலத்தில் பிராட்காம் சிப்புக்கு டிரைவரே கிடையாது. என்டிஸ்ராப்பர் என்று ஒன்று இருந்தது. விண்டோஸ் டிரைவர் கோப்பை எடுத்து லினக்ஸுக்குள் ஓட வைக்கும் ஏற்பாடு. ஓடும், திடீரென்று மெஷினையே நிறுத்தும். அந்த நிலையில்தான் சில தன்னார்வலர்கள் ஒரு பெரிய வேலையில் இறங்கினார்கள். ஒரு குழு அந்தக் கம்பெனியின் டிரைவர் சிப்போடு எப்படிப் பேசுகிறது என்று பிரித்துப் படித்து விவரக்குறிப்பு எழுதியது. இன்னொரு குழு அந்தக் குறிப்பை மட்டும் வைத்துப் புது டிரைவரை எழுதியது. இரண்டு குழுவும் கலக்கவில்லை, காப்புரிமைச் சிக்கல் வரக்கூடாது என்பதற்காக. அந்த டிரைவர் 2006-இல் 2.6.17 கெர்னலில் சேர்ந்தது. பிறகு திருத்தி எழுதப்பட்டு 2008 ஜனவரியில் வந்த 2.6.24-இல் பி43 என்ற பெயரில் வந்தது. யாரும் சம்பளம் கொடுத்துச் செய்யச் சொல்லாத வேலை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மரியாதை வருகிறது.

2010 செப்டம்பரில் அந்தக் கம்பெனியே சில சிப்களுக்குத் திறந்த மூல டிரைவர் கொடுத்தது. ஆனால் 43142 அந்தப் பட்டியலிலும் இல்லை, பி43 பட்டியலிலும் இல்லை. இதற்கு டபிள்யூஎல் மட்டும்தான். அதன் கடைசி வெளியீடு 2015. அதற்குப் பிறகு கெர்னல் மாறும்போதெல்லாம் உபுண்டு, டெபியன் ஆட்கள் ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு அதை ஓட வைக்கிறார்கள்.

டபிள்யூஎல் பொதி ஏறும்போது பி43, பிசிஎம்ஏ இரண்டையும் தானே தடைப்பட்டியலில் வைத்துவிடும். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் எது எதைத் தடுக்கிறது என்று கண்டுபிடிப்பதே தனி வேலையாகிவிடும்.

#8 | ஆற்காடு2000

சரி அண்ணா, தகவலுக்கு நன்றி.

#9 | குடியாத்தம் நெசவு

டிரைவர் மேனேஜரில் போட்டேன். பிழை எதுவும் இல்லாமல் முடிந்தது. ரீஸ்டார்ட் செய்தேன். இப்போதும் வைஃபை வரவில்லை.

#10 | சத்துவாச்சாரி

டெர்மினலில் ‘சுடோ மாட்புரோப் டபிள்யூஎல்’ தட்டி என்ன சொல்கிறது என்று போடுங்கள் சார். அதோடு ‘மோக்யுடில் --எஸ்பி-ஸ்டேட்’.

#11 | குடியாத்தம் நெசவு

முதலாவதற்கு ‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’ என்கிறது. இரண்டாவதற்கு ‘செக்யூர்பூட் எனேபிள்ட்’.

#12 | சத்துவாச்சாரி

அதுதான். செக்யூர் பூட் ஆன் நிலையில் இருந்தால், டிஜிட்டல் கையெழுத்து இல்லாத டிரைவரைக் கெர்னல் ஏற்காது. மின்ட்டோடு வரும் டிரைவர்கள் எல்லாம் கையெழுத்தோடு வருபவை. டபிள்யூஎல் உங்கள் மெஷினிலேயே கம்பைல் ஆனது, அதற்கு உங்கள் மெஷினின் சாவியால்தான் கையெழுத்துப் போட முடியும். அந்தச் சாவியை பயாஸ் (மெஷினை ஆன் செய்ததும் முதலில் ஓடும் நிரல்) பக்கம் அறிமுகம் செய்துவைக்க வேண்டும்.

டெர்மினலில் ‘சுடோ அப்டேட்-செக்யூர்பூட்-பாலிசி --என்ரோல்-கீ’. ஒரு கடவுச்சொல் கேட்கும். ஒரே ஒரு தடவை பயன்படுத்தத்தான், ஆனால் மறக்காமல் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ரீஸ்டார்ட் செய்ததும் நீலத் திரை ஒன்று வரும். பத்து விநாடிக்குள் ஏதாவது ஒரு விசையைத் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் அது தானாகவே கடந்து போய்விடும். பலருக்கு வேலை கெடுவது இந்த இடத்தில்தான். உள்ளே போனதும் ‘என்ரோல் மோக்’, ‘கன்டினியூ’, ‘எஸ்’, பிறகு அந்தக் கடவுச்சொல், பிறகு ‘ரீபூட்’.

#13 | காட்பாடி ஜங்ஷன்

இதைவிட எளிது, பயாஸில் போய் செக்யூர் பூட்டை அணைத்துவிடலாம். அவர் மெஷினில் மின்ட் மட்டும்தான் இருக்கிறது. கெர்னல் மாறும்போது இன்னொரு தடவை இந்தத் தலைவலி வேண்டுமா?

#14 | சத்துவாச்சாரி

வராது காட்பாடி. சாவி ஒரு தடவை ஏறிவிட்டால், அடுத்த கெர்னலுக்குக் கம்பைல் ஆகும்போது அதே சாவியால் தானே கையெழுத்துப் போட்டுக்கொள்ளும்.

அவருக்கு அணைப்பதில் பெரிய ஆபத்து இல்லைதான். ஆனால் இந்த இழையை நாளை படிக்கப் போகிறவர்கள் விண்டோஸ் 11-உம் லினக்ஸும் சேர்த்து வைத்திருப்பவர்களாக இருக்கலாம். அவர்கள் செக்யூர் பூட்டை அணைத்தால், பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) மீட்புச் சாவி கேட்டு விண்டோஸ் வாசலிலேயே நின்றுவிடும். நாற்பத்தெட்டு இலக்கச் சாவி. அதை எங்கும் எழுதி வைக்காதவர்களின் கோப்புகள் எல்லாம் உள்ளேயே பூட்டிக்கொள்ளும். நான் வேலை செய்யும் அலுவலகத்தில் ஒருவர் அப்படித் தவித்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதனால் “முதலில் செக்யூர் பூட்டை அணை” என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

#15 | காட்பாடி ஜங்ஷன்

பிட்லாக்கர் விஷயம் நியாயம்தான். ஆனால் சில பழைய பயாஸ்களில் அந்த நீலத் திரை சரியாக வராது, சாவி ஏறாமலே போகும். அப்போது அணைப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஐயா, முதலில் சத்துவாச்சாரி மேடம் சொன்னபடி செய்து பாருங்கள். முடியாவிட்டால் பயாஸ்.

#16 | குடியாத்தம் நெசவு

நீலத் திரை வந்தது. மகள்தான் விசையைத் தட்டினாள், அவளே சாவியையும் ஏற்றினாள். இப்போது தெருவில் இருக்கும் வைஃபை பெயரெல்லாம் வரிசையாகத் தெரிகிறது. எங்கள் வீட்டு வைஃபையில் இணைந்துவிட்டது. எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஒரு சந்தேகம். வீட்டு ஃபைபர் மோடத்தில் இரண்டு பெயர் வரும். ஒன்று சாதாரணம், இன்னொன்றின் கடைசியில் 5ஜி என்று இருக்கும். போனில் இரண்டும் தெரிகிறது, லேப்டாப்பில் ஒன்றுதான் தெரிகிறது. இன்னும் ஏதாவது செய்ய வேண்டுமா?

#17 | வாலாஜா

எதுவும் செய்ய வேண்டாம். உங்கள் சிப் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் கேட்கும். மோடத்தில் 5ஜி என்று போட்டிருப்பது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, போன் சிம்மின் 5ஜியோடு அதற்குச் சம்பந்தமில்லை. விண்டோஸிலும் அது உங்களுக்குத் தெரிந்திருக்காது. பைத்தான் பாடத்துக்கும் வீடியோ பார்ப்பதற்கும் 2.4 போதும். சுவர் தாண்டிப் போவதில் 2.4-தான் மேல்.

இதே மாதிரி ‘எனக்கு மட்டும் தெரியவில்லை’ என்று வரும் இன்னும் இரண்டு விஷயம் உண்டு. மோடம் 12 அல்லது 13-ஆம் சேனலில் இருந்தால், லேப்டாப் தன்னை அமெரிக்காவில் இருப்பதாக நினைத்துக்கொண்டு அந்தச் சேனல்களை விட்டுவிடும், அங்கே அவை வழக்கத்தில் இல்லை. இங்கே 13 வரை அனுமதி உண்டு. மோடத்தை 1, 6, 11 என்று ஏதாவது ஒன்றில் நிறுத்திவிட்டால் அந்தப் பேச்சே இல்லை. இன்னொன்று, மோடத்தில் பாதுகாப்பு ‘டபிள்யூபிஏ3’ மட்டும் என்று வைத்திருந்தால் டபிள்யூஎல் டிரைவரால் இணைய முடியாது. பெயர் தெரியும், கடவுச்சொல் சரியாகப் போட்டாலும் திருப்பித் திருப்பிக் கேட்கும். ‘டபிள்யூபிஏ2’ என்று மாற்ற வேண்டும்.

#18 | திருப்பத்தூர் மாணவன்

இந்த இழையிலேயே கேட்டுக்கொள்கிறேன் அண்ணா. என்னுடையது ரியல்டெக் ஆர்டிஎல்8821சிஇ. விண்டோஸ் 11 பக்கத்தில் மின்ட் 22 ஏற்றியிருக்கிறேன். வைஃபை வருகிறது, ஆனால் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை அப்படியே நின்றுவிடுகிறது. இணைப்பு இருப்பதாகக் காட்டும், பக்கம் திறக்காது. அணைத்து ஆன் செய்தால் வரும். ஒரு தளத்தில் பார்த்து அந்தச் சிப்புக்கான டிரைவரை இறக்கி டிகேஎம்எஸ் (கெர்னல் மாறும்போது டிரைவரை மறுபடி கம்பைல் செய்யும் கருவி) வழியாக நானே கம்பைல் செய்து போட்டேன், அப்படியும் சரியாகவில்லை.

#19 | காட்பாடி ஜங்ஷன்

தம்பி, உன் கதை குடியாத்தம் ஐயாவின் கதைக்கு நேர் எதிர். 8821சிஇ-க்கு டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது, 2020-இல் வந்த 5.9 கெர்னலிலிருந்து. மின்ட் 22 வருவதே 6.8 கெர்னலோடு. நீ வெளியிலிருந்து போட்டது, கெர்னலில் இடம் கிடைக்காத காலத்தில் எல்லோரும் நம்பியிருந்த டிரைவர். இப்போது அது தேவையில்லை. ‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ தட்டி அதன் பெயரையும் பதிப்பையும் பார், ‘டிகேஎம்எஸ் ரிமூவ்’ கொடுத்து நீக்கு. /ஈடிசி/மாட்புரோப்.டி என்ற அடைவில் கெர்னல் டிரைவரான ஆர்டிடபிள்யூ88-ஐத் தடுக்கும் வரி ஏதாவது அது விட்டுப் போயிருந்தால் அதையும் எடுத்துவிடு.

நின்று நின்று போவதற்குக் காரணம் பெரும்பாலும் மின்சேமிப்பு. இரண்டு இடத்தில் அணைக்க வேண்டும்.

முதலாவது நெட்வொர்க்மேனேஜர். அதன் கான்ஃப்.டி அடைவில் ‘டிஃபால்ட்-வைஃபை-பவர்சேவ்-ஆன்’ என்ற கோப்பு இருக்கும். உள்ளே பவர்சேவ் = 3 என்று இருப்பதை 2 ஆக்கு. 3 என்றால் சேமி, 2 என்றால் சேமிக்காதே.

அப்படியும் நின்றால், மாட்புரோப்.டி அடைவில் ஒரு புதுக் கோப்பு, பெயரின் முடிவில் .கான்ஃப் இருக்க வேண்டும். அதில் இரண்டு வரி, எழுத்தெல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில்:

ஆப்ஷன்ஸ் ஆர்டிடபிள்யூ88_பிசிஐ டிசேபிள்_ஏஎஸ்பிஎம்=ஒய்
ஆப்ஷன்ஸ் ஆர்டிடபிள்யூ88_கோர் டிசேபிள்_எல்பிஎஸ்_டீப்=ஒய்

ஒரு தடவை ரீஸ்டார்ட். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும், அவ்வளவுதான்.

#20 | சத்துவாச்சாரி

திருப்பத்தூர், விண்டோஸும் வைத்திருக்கிறாய் அல்லவா? விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸ் போய் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்பதை அணைத்துவிடு. அது ஆன் நிலையில் இருந்தால் விண்டோஸ் முழுதாக மூடாது, பாதித் தூக்கத்தில் இருக்கும். வைஃபை கார்டையும் அரைகுறை நிலையில் விட்டுவிட்டுப் போகும். லினக்ஸ் வந்து பார்த்தால் கார்டு பதில் சொல்லாது. விண்டோஸ் டிரைவில் லினக்ஸிலிருந்து எழுத முடியாமல் போவதற்கும் அதுவே காரணம்.

#21 | ஆம்பூர் டீச்சர்

இழையை முதலிலிருந்து படித்துக்கொண்டு வருகிறேன். குடியாத்தம் ஐயாவுக்கு ஒரு செய்தி: மின்ட்டில் பைத்தான் 3 முன்பே இருக்கிறது. பாடப்புத்தகத்தில் சொல்லும், பைத்தான் நிரல் எழுதும் ஐடில் சாளரம் வேண்டுமென்றால் சாஃப்ட்வேர் மேனேஜரில் ‘ஐடில்’ என்று தேடிப் போட்டுக்கொள்ளலாம், கட்டணம் இல்லை. தமிழில் தட்டச்சு செய்ய ஐபஸ், அதோடு எம்17என் பொதி. அதில் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். பிள்ளைகள் ஆரம்பத்திலேயே தமிழ்99 பழகிவிட்டால் பிறகு வேகத்துக்குக் குறை இருக்காது, அதை நான் வகுப்பில் தொடர்ந்து பார்க்கிறேன்.

எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அதில் வந்த லேப்டாப்கள் இன்னும் எத்தனையோ வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன. பலவற்றில் விண்டோஸுக்குப் பக்கத்தில் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பிள்ளைகள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, ஏனென்றால் வீட்டில் நெட் இல்லை, இருந்தாலும் இணைக்கச் சொல்லித்தர ஆளில்லை. ராம் 2 ஜிபிதான் என்றாலும், ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டால் அவை ஒரு தம்பி தங்கைக்கு இன்னும் சில வருஷம் உழைக்கும். எங்கள் பள்ளியில் பழைய மாணவர்கள் கொடுத்துவிட்டுப் போன சில லேப்டாப்கள் இருக்கின்றன, அவற்றில் லினக்ஸ் ஏற்றலாம் என்று இருக்கிறேன். இங்கே சொன்னபடி முதலில் சிப் எண்களைக் குறித்துக்கொண்டு வருகிறேன்.

#22 | திருப்பத்தூர் மாணவன்

பவர்சேவ் மாற்றியதும் பாதி சரியானது. அந்த இரண்டு வரியும் போட்ட பிறகு நேற்று மாலையிலிருந்து ஒரு தடவைகூட நிற்கவில்லை. நன்றி அண்ணா, நன்றி அக்கா.

வைஃபை கார்டையே மாற்றிவிட்டால் என்ன என்றும் யோசித்தேன். இன்டெல் ஏஎக்ஸ்210 போடலாமா?

#23 | காட்பாடி ஜங்ஷன்

இப்போது ஓடுகிறது என்றால் விடு, பணத்தை வேறு எதற்காவது வை. பின்னாளில் மாற்றுவதாக இருந்தால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். உன் லேப்டாப்பில் இருப்பது எம்.2 (புது வகைச் சின்னக் கார்டு) இடமா என்று முதலில் பார். குடியாத்தம் ஐயாவுடையது போன்ற பழையவற்றில் அரை அளவு மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் இடம்தான் இருக்கும், அதில் ஏஎக்ஸ்210 நேரடியாக உட்காராது, இன்டெல் 7260 மாதிரி பழைய கார்டு தேட வேண்டும். இரண்டாவது, ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 என்று ஒரே மாதிரிப் பெயரில் விற்பவை இன்டெலின் குறிப்பிட்ட பிராசசர்களோடு மட்டுமே வேலை செய்யும். ஏஎம்டி லேப்டாப்பில் அவை செத்த கார்டுதான். 200, 210 பரவாயில்லை. மூன்றாவது, சில பழைய லேப்டாப்களின் பயாஸ் தனக்குத் தெரிந்த கார்டுகளை மட்டும் ஏற்கும், வேறு கார்டு போட்டால் திரையில் பிழை காட்டி நின்றுவிடும்.

ஆன்டெனா கம்பி கழற்றும்போது நேராக மேலே தூக்கு. பக்கவாட்டில் நெம்பினால் முனை பிய்ந்துவிடும். எம்.2 கார்டின் முனை, பழைய கார்டின் முனையைவிடச் சின்னது, பழைய கம்பி அதில் பொருந்தாது.

#24 | வாலாஜா

திறக்கப் பயப்படுகிறவர்களுக்கு யுஎஸ்பி வைஃபை குச்சி. வாங்கும்போது பெட்டியில் இருக்கும் பெயரை நம்ப வேண்டாம், உள்ளே இருக்கும் சிப்பைக் கேளுங்கள். டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற மாடல் இதற்குப் பிரபலமான உதாரணம். முதல் பதிப்பில் ஏத்தெரோஸ் ஏஆர்9271, செருகியதும் ஓடும். இரண்டாம் பதிப்பிலிருந்து சிப் ரியல்டெக்குக்கு மாறிவிட்டது, மாடல் பெயர் அதேதான். பழைய பதிவுகளைப் படித்துவிட்டு வாங்குகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். மலிவில் மீடியாடெக் எம்டி7601யு நல்லது, 4.2 கெர்னலிலிருந்து ஆதரவு உண்டு. 2.4 மட்டும்தான் கேட்கும், ஆனால் தொல்லை தராது.

#25 | குடியாத்தம் நெசவு

மகள் இன்று இரண்டு பைத்தான் நிரல் எழுதி ஓட்டிக் காட்டினாள். தமிழ்99-உம் போட்டாகிவிட்டது, டீச்சருக்கு நன்றி.

அப்டேட் மேனேஜரில் புதுக் கெர்னல் ஒன்று காத்திருக்கிறது. வாலாஜா ஐயா மேலே எழுதியதைப் படித்ததிலிருந்து அதைப் போடத் தயக்கமாக இருக்கிறது. போடலாமா?

#26 | வாலாஜா

போடுங்கள், பாதுகாப்புத் திருத்தங்கள் அதில்தான் வரும். 6.8 வரிசைக்குள்ளேயே வரும் சின்னப் புதுப்பிப்புகளால் டபிள்யூஎல் பொதுவாகக் கெடாது, டிகேஎம்எஸ் தானே கம்பைல் செய்துகொள்ளும். 6.8-ஐ விட்டுவிட்டு அடுத்த பெரிய வரிசைக்குத் தாவும்போதுதான் கவனம் வேண்டும். உங்கள் மெஷினுக்குப் புது வரிசையால் எந்த லாபமும் இல்லை, 6.8-லேயே இருங்கள். மின்ட் 22-க்கு 2029 வரை ஆதரவு இருக்கிறது.

ஒருவேளை புதுப்பித்த பிறகு வைஃபை போய்விட்டால், பூட் ஆகும்போது எஸ்கேப் அல்லது ஷிஃப்ட் விசையைத் தட்டினால் கிரப் பட்டியல் (எதில் பூட் செய்வது என்று கேட்கும் பட்டியல்) வரும். அதில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள், வைஃபை திரும்ப வந்துவிடும். அதற்காகத்தான் பழைய கெர்னல் ஒன்றையாவது நீக்காமல் வைத்திருக்கச் சொல்கிறோம்.

#27 | ஆம்பூர் டீச்சர்

எண்கள் கொண்டுவந்துவிட்டேன். மின்ட்டைப் பென் டிரைவிலிருந்தே பூட் செய்து, எதையும் ஏற்றாமல் பார்த்தேன். சில லேப்டாப்களில் ஏத்தெரோஸ் ஏஆர்9485. ஒன்றில் மட்டும் ரியல்டெக் ஆர்டிஎல்8723பிஇ. அந்த ஒன்றில் வைஃபை தெரிகிறது, ஆனால் மோடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால்தான். வகுப்பறைக்கு எடுத்துப் போனால் ஒரு கோடுகூட இல்லை.

#28 | காட்பாடி ஜங்ஷன்

ஏஆர்9485 எல்லாவற்றுக்கும் நீங்கள் எதுவுமே செய்ய வேண்டாம் டீச்சர். ஏடிஎச்9கே டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது, தனி ஃபர்ம்வேரும் அதற்குத் தேவையில்லை. தைரியமாக ஏற்றுங்கள்.

8723பிஇ-யில் சிக்னல் குறைவதற்குக் காரணம் ஆன்டெனா. அந்தக் கார்டில் இரண்டு ஆன்டெனா முனை உண்டு, செலவைக் குறைக்கப் பல லேப்டாப்களில் ஒன்றில் மட்டும்தான் கம்பி மாட்டியிருப்பார்கள். டிரைவர் கம்பி இல்லாத முனையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறது. மாட்புரோப்.டி அடைவில் ஒரு கோப்பு, உள்ளே ஒரே வரி: ஆப்ஷன்ஸ் ஆர்டிஎல்8723பிஇ ஆன்ட்_செல்=2. ரீஸ்டார்ட் செய்து வகுப்பறையில் வைத்துப் பாருங்கள். மாற்றம் இல்லையென்றால் 2 என்பதை 1 ஆக்குங்கள். இரண்டில் ஒன்று பிடிக்கும்.

#29 | ஆம்பூர் டீச்சர்

2-தான். கடைசி பெஞ்ச் வரை மூன்று கோடு வருகிறது.